கைக்கும் உண்டு காட்சி

வாகனத்தின் குளிர்காற்றைக் கூட்டுவதற்கும் மழைத்துடைப்பானின் வேகத்தை மாற்றுவதற்கும் ஓட்டுநரின் விரல் தேடிச் செல்லும் உறுப்பு, திருகும் குமிழாக இருக்க வேண்டுமா, கண்ணாடித் திரையில் ஒளிரும் படமாக இருக்கலாமா என்பது, பொறியாளரும் கணக்கரும் தமக்குள் பேசி முடித்துக்கொள்ளத்தக்க சிறிய வினாவாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் மனிதன் ஒன்றை எந்தப் புலனால் அறிகிறான், அறிந்தது மெய்யென எந்த அளவையால் துணிகிறான், ஒரே கணத்தில் எத்தனை பொருள்களில் அவன் மனம் நிற்கக்கூடும் என்னும் பழைய தத்துவ வினாக்கள் அச்சிறிய வினாவின் அடியில் கிடக்கின்றன. இவற்றை நுணுகி ஆராய்ந்த மரபுகளுள் தமிழகத்துச் சைவ சித்தாந்தம் ஒன்று. அம்மரபு போற்றும் பாடல் பெற்ற தலமாகவும், சேலத்தைக் கொச்சியோடு இணைக்கும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஊராகவும் ஒருங்கே விளங்கும் அவிநாசி, சாலையையும் சாத்திரத்தையும் ஒன்றாக வைத்து எண்ணுவதற்கு ஏற்ற இடமாகும்.

தேவாரத்தில் திருப்புக்கொளியூர் எனப் பாடப்பெற்ற அவிநாசி, கொங்கேழ் தலங்களுள் ஒன்று. முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டார் எனப் பெரிய புராணம் கூறும் நிகழ்ச்சி, அவர் சேர நாட்டுக்குச் செல்லும் வழியில் இவ்வூரில் நேர்ந்தது. சேரமான் பெருமாள் அளித்த பொருளோடு அவர் திரும்பியபோது வேட வடிவில் வந்த பூதகணங்கள் அதனைப் பறித்த இடமாக அருகிலுள்ள திருமுருகன்பூண்டி சொல்லப்படுகிறது. இரண்டுமே வழிப்பயணத்தின் கதைகள் என்பதும், அந்த வழி பாலக்காட்டுக் கணவாய் நோக்கிச் செல்லும் இன்றைய நெடுஞ்சாலையின் திசையிலேயே கிடக்கிறது என்பதும் கருதத்தக்கவை. 2020 பிப்ரவரி 20ஆம் நாள் விடியுமுன், அவிநாசி அருகே சரக்குப்பெட்டக லாரி ஒன்று சாலையின் நடுத்திட்டைக் கடந்து வந்து கேரள அரசுப் பேருந்தின்மீது மோதியதில் 19 பேர் இறந்தனர். அவ்விபத்துக்கும் தொடுதிரைக்கும் தொடர்பு ஏதும் இல்லை. எனினும், இச்சாலையில் ஓட்டுநரின் கவனம் என்பது பிறர் உயிரோடு பிணைந்த பொருள் என்பதற்கு அதனினும் கொடிய சான்று தேவையில்லை.

வாகனத்தின் முகப்புப் பலகையும் இவ்வட்டாரத்துக்கு வெளியூர்ச் சரக்கு அன்று. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடுவின் பெயரை, கோயம்புத்தூர் அவிநாசி சாலையின்மேல் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் தாங்கி நிற்கிறது. வேகமானி, எரிபொருள் அளவி முதலிய முகப்புக் கருவிகளைச் செய்யும் பிரிக்கால் நிறுவனமும், ஆரன் செய்யும் ரூட்ஸ் நிறுவனமும் கோயம்புத்தூரில் தோன்றியவை. முள் நகரும் வட்ட அளவிகள் நிறத்திரைகளாக மாறிய வரலாற்றை, ஊரின் பட்டறைத் தொழிலாளர் நூல்வழியாக அல்லாமல் தம் கைவேலை மாறியதன் வழியாகவே அறிவர்.

தொடுதிரை வாகனத்துக்குள் நுழைந்தது அண்மையில் என்பது பொதுவான எண்ணம். அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1986ஆம் ஆண்டு ரிவியேரா காரிலேயே, பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் குழாய்த் திரையைப் போன்ற ஒன்றைத் தொட்டு இயக்கும்படி வைத்திருந்தது. அது வெகுகாலம் நிலைக்கவில்லை. 2012இல் டெஸ்லாவின் மாடல் எஸ், 17 அங்குலத் திரையொன்றை நடுவில் நிறுத்திப் பெரும்பாலான பொத்தான்களை நீக்கியபின்பே உலகத் தொழில் முழுதும் அத்திசையில் திரும்பியது. இந்தியாவிலும் 2023இல் மறுவடிவம் பெற்ற டாடா நெக்ஸானில் குளிர்சாதனப் பலகை பெரும்பாலும் தொட்டு இயக்கும் பரப்பாக வந்தது. இம்மாற்றத்துக்கு அழகுணர்ச்சி மட்டுமே காரணம் என்பது பொருந்தாது. ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி அச்சும், கம்பியும், சோதனையும் வேண்டும். திரை ஒன்றே என்றால் அச்செலவுகள் குறையும். விற்ற பின்னும் மென்பொருளால் அதன் முகத்தை மாற்றலாம். பின்புறக் கேமராவுக்கு எப்படியும் ஒரு திரை வேண்டும் என்ற நிலையில், மற்றவற்றையும் அதற்குள் போட்டுவிடுவது செய்வோருக்கு எளிது.

இனி, தொடுதல் என்னும் அறிவைப் பற்றிச் சற்று விரிவாக நோக்க வேண்டும். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது, ஓரறிவு உயிருக்கு உரியதாகக் கூறுவது உற்றறியும் அறிவையே. சுவையும் மோப்பமும் காட்சியும் கேள்வியும் அதன்மேல் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. மனம் ஆறாவதாக வருகிறது. கிரேக்கத்து அரிஸ்டாட்டிலும், விலங்குகள் அனைத்துக்கும் பொதுவாய் இன்றியமையாது அமைந்த புலன் தொடுபுலனே என்றார். ஒன்றையொன்று அறியாத இரு மரபுகள் ஒரே முடிவுக்கு வந்தது தற்செயலாக இருக்க இயலாது. பிற புலன்கள் குன்றினாலும் உயிர் நிற்கும், உடம்பு முழுதும் உணர்விழந்தால் தன் உடம்பு தனக்கு உண்டென்னும் தெளிவே ஆட்டம் காணும். சைவ சித்தாந்தம் கூறும் 36 தத்துவங்களுள், தத்துவம் என்பது உலகும் உடம்பும் அமைதற்கு அடிப்படையான கூறு என்று கொள்ள, மெய் என்னும் அறிகருவியும் அதற்கு விடயமாகும் ஊறு, அதாவது தொடுவுணர்வு என்னும் நுண்பொருளும் தனித்தனியே இடம்பெறுகின்றன. கை என்னும் தொழிற்கருவி அவற்றினும் வேறாக எண்ணப்படுகிறது. குமிழைத் திருகும் கையில் இவ்விரு கருவிகளும் ஒரே செயலில் கூடுகின்றன என்பது இங்கே முதன்மையான செய்தி: அந்தக் கை செய்கிறது, செய்துகொண்டிருக்கும்போதே அறிகிறது.

கண் அறிந்ததைக் கை தானாகவே அறியுமா என்ற ஐயத்தை அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மோலினோ 1688இல் ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக்குக்கு ஒரு வினாவாக எழுதி அனுப்பினார். பிறவியிலேயே பார்வையற்று, கனசதுரத்தையும் உருண்டையையும் தொட்டே அறிந்த ஒருவர், பின்னர்ப் பார்வை பெற்றால், தொடாமல் பார்த்த அளவில் இது இன்னது என்று சொல்வாரா என்பது அவ்வினா. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் சொற்போராகவே இருந்த இதற்குச் சோதனை வழியான விடை இந்தியாவிலிருந்து வந்தது. பவன் சின்கா என்னும் அறிவியலாளர் தொடங்கிய பிரகாஷ் திட்டத்தில், பிறவியிலேயே பார்வையற்றிருந்து சிகிச்சையால் பார்வை பெற்ற இந்தியச் சிறார் ஐவரிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. கையால் அறிந்த வடிவத்தைக் கண்ணால் உடனே அடையாளம் காண அவர்களால் இயலவில்லை. ஆனால் சில நாள்களிலேயே அத்திறன் வளரத் தொடங்கியது. கண்ணும் கையும் பிறவியிலேயே ஒரே மொழி பேசுவன அல்ல, பழக்கத்தால் ஒன்றையொன்று மொழிபெயர்க்கக் கற்பன என்று இதனைக் கொள்ளலாம்.

பழக்கம் என்பதே இவ்வாய்வின் அடுத்த படி. பிரெஞ்சு மெய்யியலாளர் மெர்லோ-போந்தி, 1945இல் வெளியிட்ட புலனுணர்வு பற்றிய பெருநூலில், பழகிய ஓட்டுநர் ஒரு குறுகிய சந்தில் தம் கார் நுழையுமா என்பதைச் சந்தின் அகலத்தையும் காரின் அகலத்தையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டு அறிவதில்லை என்றும், பார்வையற்றவரின் கைத்தடி அவருக்குத் தனிப்பொருளாக இல்லாமல் உணரும் எல்லையாகவே நீண்டுவிடுகிறது என்றும் விளக்கினார். உடம்பே கருவிவரை நீண்டு அதனைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளுதல் என்று இதைச் சுருக்கிக் கூறலாம். அவிநாசித் தேரோட்டத்தில் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுவோரின் அறிவும் இவ்வகையினதே. தேர்வீதித் திருப்பத்தில் அத்துணைப் பெரிய மரத்தேரை எந்த அளவு திருப்ப வேண்டும், கட்டையை எந்தக் கணத்தில் செருகி எந்தக் கணத்தில் விலக வேண்டும் என்பதை அவர்கள் எழுதி வைத்துப் படித்தவர்கள் அல்லர். மரம் அழுந்தும் அழுத்தமே அவர்களுக்குச் சொல்லிவிடுகிறது. கற்றறிந்தவர் இவ்வறிவை அறிவென்று ஒப்புவதற்குத் தயங்கி வந்ததே தத்துவ வரலாற்றின் பெரிய குறைகளுள் ஒன்றாகும்.

திரை இவ்வறிவுக்கு இடம் தருவதில்லை. அதனையும் விரல் தொடுகிறதே என்பது விடையாகாது. கண்ணாடியின் எந்த இடத்தைத் தொட்டாலும் வழவழப்பு ஒன்றே, குளிர்காற்றின் இடத்துக்கும் வானொலியின் இடத்துக்கும் விரலறிய வேறுபாடில்லை. குமிழில் விளிம்பு உண்டு, தடை உண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு சிறு தட்டல் உண்டு. அவ்வேறுபாடுகளே ஊறு என்னும் புலனுக்கு உணவு. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டு நேற்றிருந்த படம் இன்று வேறிடத்துக்குப் போய்விட்டால், கை சேர்த்து வைத்த பழக்கமும் ஒரே இரவில் பயனற்றுப் போகிறது. தொடுவது விரலாயினும் தேடுவது கண்ணாகிறது.

கண் தேடினால் என்ன இழப்பு என்று கேட்போருக்கு நியாய மரபு விடை வைத்திருக்கிறது. கௌதமர் இயற்றியதாகக் கூறப்படும் நியாய சூத்திரம், அறிவுகள் ஒரே கணத்தில் பலவாகத் தோன்றாமையையே மனம் என ஒன்று உண்டு என்பதற்கு அடையாளமாகக் காட்டுகிறது. ஐம்பொறிகளும் ஒருசேரத் திறந்திருந்தும் எல்லா அறிவும் ஒருசேர எழவில்லை. ஆகவே அணுவளவான மனம் ஒரு நேரத்தில் ஒரு பொறியோடு மட்டுமே சேர்கிறது என்பது அம்மரபின் துணிபு. நீண்ட முறுக்கு போன்ற பண்டத்தைக் கடித்துத் தின்பவருக்கு அதன் உருவமும் ஓசையும் மணமும் சுவையும் ஒருங்கே தோன்றுகின்றனவே என்ற மறுப்பை அவர்களே எழுப்பி, மனம் மிக விரைந்து தாவுவதால் உண்டாகும் மயக்கம் அது என்று விடையும் கூறினர். தத்துவம் பேசும் நூலில் தின்பண்டம் நுழைந்தது படிப்போருக்கு ஆறுதல் தரும் என்பது ஒருபுறம் இருக்க, இன்றைய சாலைப் பாதுகாப்பு இயல் அளந்து சொல்வதும் ஏறத்தாழ இதுவே. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டி, வாகனத்தினுள் அமைந்த கருவியை நோக்கும் ஒரு பார்வை 2 நொடியை மிஞ்சக் கூடாது என்றும், ஒரு பணிக்கான பார்வைகள் கூட்டி 12 நொடிக்குள் அடங்க வேண்டும் என்றும் வரம்பிட்டது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடி என்பது 44 மீட்டர். அத்தொலைவை ஓட்டுநர் குருடராகக் கடக்கிறார் என்பதே பொருள்.

சுவீடன் நாட்டு வாகன இதழான வி பீலேகரே 2022இல் நடத்திய சோதனை இதனை இன்னும் கூர்மையாக்கியது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது வழக்கமான நான்கு சிறு பணிகளை முடிக்க, பொத்தான்கள் நிறைந்த 2005ஆம் ஆண்டு வால்வோ வி70 காரின் ஓட்டுநருக்கு 10 நொடி ஆயிற்று; அதற்குள் கார் 306 மீட்டர் சென்றது. திரையை நம்பிய எம்ஜி மார்வெல் ஆர் காரில் அதே பணிகள் முடிவதற்குள் கார் 1,372 மீட்டர் சென்றுவிட்டது. பதினேழு ஆண்டு பழைய கார் வென்றதற்கு அதன் பொறியியல் உயர்வு காரணமாகாது. அங்கே கை தன் வேலையைத் தானே செய்தமையால், அணுவளவான மனம் கண்ணோடு சேர்ந்து சாலையிலேயே நிற்க முடிந்தது.

கவனச் சிதறல் என்ற இவ்வளவோடு பொருள் முடிந்துவிடுமாயின் இதனைத் தத்துவம் என்று அழைக்க வேண்டிய தேவையில்லை. சாலை விதி ஒன்றே போதும். இதனினும் ஆழமான வேறுபாடு அளவையில் கிடக்கிறது. அளவை என்பது ஒன்றை மெய்யென அறியும் வழி. மெய்கண்டாரின் மாணவரான அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியாரின் சுபக்கம், அதாவது தன் கொள்கையை நிறுவும் பகுதி, அளவை இலக்கணத்தோடு தொடங்குகிறது. பலரும் பலவாக விரித்த அளவைகள் அனைத்தும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது அந்நூலின் கொள்கை. நேரே அறிவது காட்சி. புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது போல்வது கருதல். நம்பத்தக்கோர் சொல்லால் அறிவது உரை. காட்சி என்றதும் கண்ணுக்கே உரியதாகக் கொள்வது பொதுவழக்கு. சாத்திரத்தில் ஐம்பொறிகள் வழியே நேரே எழும் அறிவு எல்லாம் காட்சிதான். ஆகவே கைக்கும் காட்சி உண்டு.

நெம்புகோல் ஒன்று மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதே பொறியின் நிலை. அதனைப் பற்றிய கை ஏவலையும் இடுகிறது, ஏவல் நிறைவேறியதற்குச் சான்றையும் அதே பிடியில் பெறுகிறது. திரையிலோ ஏவல் ஓரிடத்திலும் நிலை வேறிடத்திலும் பிரிகின்றன. விரல் தொட்ட செய்தி மென்பொருளுக்குச் செல்கிறது. மென்பொருள் எங்கோ உள்ள பொறியை ஏவுகிறது. பின்னர், ஏவியாயிற்று என ஒரு படத்தின் நிறத்தை மாற்றிச் சொல்கிறது. ஓட்டுநர் அடைவது காட்சியன்று, உரை. உரையளவை தாழ்ந்தது என்று சித்தாந்தி சொல்ல மாட்டார். வேத ஆகமங்களையே உரையளவையாகக் கொண்டவர் அவர். ஆனால் உரைப்போன் குற்றமற்றவனாக இருந்தால்தான் அந்த உரை அளவையாகும் என்ற வரையறையை அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை.

இவ்வரையறை மீறப்பட்டால் என்ன நேரும் என்பதற்கான கொடிய எடுத்துக்காட்டு காரில் நேர்ந்ததன்று. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரை ஒட்டிய கடலில் நேர்ந்தது. 2017 ஆகஸ்ட் 21ஆம் நாள் விடியற்காலையில், அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெய்ன் என்னும் போர்க்கப்பல் ஆல்னிக் எம்சி என்ற எண்ணெய்க் கப்பலின் குறுக்கே சென்று மோதியது. மாலுமிகள் 10 பேர் இறந்தனர். சுக்கானும் உந்துவிசையும் அக்கப்பலில் தொடுதிரைகளால் இயக்கப்பட்டன. இரு பணிகளையும் இருவருக்குப் பிரித்துக் கொடுக்கும் முயற்சியில் சுக்கானின் கட்டுப்பாடு அறியாமலே மற்றொரு பலகைக்கு மாறிவிட, தம் சுக்கான் பழுதாகிவிட்டது என்று அங்கிருந்தோர் கருதினர். இரு பக்க உந்துவிசைகளும் திரையில் ஒன்றாக இணைக்கப்படாமல் இருந்தமையால், வேகத்தைக் குறைக்க முயன்றபோது ஒரு பக்கமே குறைந்து கப்பல் திசை திரும்பியது.  சித்தியாரின் மொழியில் இது திரிவு, அதாவது ஒன்றை மற்றொன்றாகத் துணிதல். இரட்டைப் பிடிகள் கையில் இருந்திருந்தால், ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாய் நின்ற வேறுபாட்டை உள்ளங்கையே அறிந்திருக்கும். விசாரணைகளுக்குப் பின், 2019இல் கடற்படை தன் அழிகலன்களில் பழைய வகைப் பிடிகளையே மீண்டும் பொருத்தப்போவதாக அறிவித்தது.

உரைப்போன் திடீரென ஊமையாகிவிடுவதும் உண்டு. திரைக்குப் பின்னுள்ள நினைவகம் தேய்ந்து திரை முழுதும் அணைந்துபோகும் குறைக்காக, 2021 பிப்ரவரியில் டெஸ்லா அமெரிக்காவில் ஏறக்குறைய 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது. பின்காட்சியும் கண்ணாடியின் பனியகற்றும் கட்டுப்பாடும் அந்த ஒரே திரையில் அடங்கியிருந்தன. ஒரு பொத்தான் பழுதானால் ஒரு பணியே நிற்கும் என்ற பழைய நிலையோடு இதனை ஒப்பிடுவோர், எல்லாவற்றையும் ஓர் உரைகாரரிடம் ஒப்படைப்பதன் இடரை எளிதில் உணர்வர்.

இங்கே ஒரு தடை எழும். புலன்களை அடக்குவதைப் பேசும் சமய மரபு, தொடுபுலனின் இன்பத்தையோ பயனையோ எதற்காகக் காக்க வேண்டும்? ஆமை தன் உறுப்புகளை உள்ளிழுப்பதுபோல் ஐந்தையும் அடக்குக எனக் கீதையும் குறளும் கூறும்போது, குமிழின் தட்டலுக்கு வாதாடுவது பொருந்துமா? சித்தாந்தத்தின் விடை நுட்பமானது. ஆணவம் என்னும் மலம் உயிரின் அறிவை அனாதியே மறைத்து நிற்க, உடம்பு, அகப்புறக் கருவிகள், உலகம், நுகர்பொருள் என்னும் தனு, கரண, புவன, போகங்களை இறைவன் மாயையிலிருந்து ஆக்கித் தருகிறான். அவை விடியும்வரை இருட்டில் வைத்த விளக்கைப் போன்றவை என்பது அம்மரபின் நெடுநாளைய உவமை. கருவி பகையன்று, வெறுத்து ஒதுக்குவதற்காகவும் தரப்பட்டதன்று. விளக்கு நல்லதா என்பதற்கு ஒரே சோதனை, அது தன்னைக் காட்டுகிறதா பொருளைக் காட்டுகிறதா என்பதே. தன்மேலேயே கண்ணை நிறுத்திக்கொள்ளும் கருவி, மாயை தரும் சிறு வெளிச்சத்தைக்கூட மறைப்பாக மாற்றிவிடுகிறது. இதனோடு, உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது என்ற கொள்கையையும் சேர்த்து நோக்க வேண்டும். படிகம் அருகிலுள்ள பூவின் நிறம் கொள்வதுபோல், உயிர் எதைச் சார்கிறதோ அதுவாகிறது. சாலையைச் சார்ந்த ஓட்டுநர் எதிரே சைக்கிளில் வரும் மனிதரைச் சார்கிறார். திரையைச் சார்ந்தவருக்கு அம்மனிதர் அந்த இரண்டு நொடிக்கு இல்லாதவர் ஆகிறார். கவனம் என்பது இங்கே திறமையின் பெயராக மட்டும் நிற்காமல், பிற உயிருக்குச் செலுத்த வேண்டிய கடனாகிவிடுகிறது.

கருவியை மதிக்கும் மனநிலை கொங்கு வட்டாரத்தில் நூல்களில் மட்டும் இருப்பதன்று. ஆயுத பூஜை நாளில் கோயம்புத்தூர், திருப்பூர்ப் பட்டறைகளில் லேத்துக்கும் தையல் இயந்திரத்துக்கும், லாரியின் ஸ்டியரிங்குக்கும் கியர்த் தண்டுக்கும் சந்தனமும் குங்குமமும் இடப்படுகின்றன. கை நாள்தோறும் பற்றும் இடங்களே பொட்டுப் பெறுகின்றன என்பதை நோக்கினால், அவ்வழிபாடு எதனை வணங்குகிறது என்பது விளங்கும். திரையின்மேல் பொட்டிட்டால் திரை மறைந்துவிடும். ஓரச் சட்டத்தில்தான் இட வேண்டியிருக்கும். இது வேடிக்கைபோல் தோன்றினாலும், பற்றுதற்கு இடமில்லாத கருவியை வழிபாடு எங்கே தொடுவது என்று தடுமாறுவதில் ஓர் உண்மை இருக்கிறது.

தொடுதலைப் புகழும் எந்தத் தமிழ்க் கட்டுரையும் அதே மூச்சில் தீண்டாமையையும் நினைவுகூரக் கடமைப்பட்டது. தேநீர்க் கடைகளில் தனிக்குவளை வைத்த வரலாறு கொங்கு நாட்டுக்கும் உண்டு. அறிஞர்களான கோபால் குருவும் சுந்தர் சருக்கையும் இணைந்து 2012இல் வெளியிட்ட நூலில், தொடுவோர் தொடப்படாமல் தொட முடியாது என்னும் இருவழித் தன்மையைக் கொண்டே தீண்டாமை ஆராயப்படுகிறது: பிறரைத் தொட மறுப்பவர் தம் தொடுபுலனையே ஊனப்படுத்திக்கொள்கிறார். தொடுபுலனைப் பிற புலன்களினும் தாழ்ந்ததாகவும் கைத்தொழிலைச் சிந்தனையினும் தாழ்ந்ததாகவும் வைத்த அதே மதிப்பீடுதான் சமூகத்தில் இக்கொடுமைக்கு நிழல் தந்தது. சித்தாந்த நூலோர் ஊறு என்பதைத் தத்துவ அட்டவணையில் வைத்துவிட்டு, வீதியில் அதன் பொருளைக் காணாது போயினர் என்ற குற்றச்சாட்டுக்கு எளிய மறுப்பு இல்லை.

பொத்தானின் பக்கம் வாதங்கள் இவ்வாறு குவிந்தாலும், திரை முற்றும் புலனறிவுக்குப் பகை என்பது மிகை. திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் மென்பொருள் வந்தபின், பார்வையற்றோர் வழவழப்பான கைப்பேசிக் கண்ணாடியைச் செவியும் விரலும் கூட்டித் திறம்படக் கையாள்கின்றனர். இரு புலன்கள் கூடினால் மூன்றாவதன் குறை நிறையும் என்பதற்கு அது சான்று. குரலால் ஏவும் வசதியும் வாகனங்களில் வந்துவிட்டது. சைவத்தில் குரு மாணவனுக்கு அருளும் தீக்கையில், பார்வையால் அருளும் நயன தீக்கை, தொட்டு அருளும் பரிச தீக்கை, மொழியால் அருளும் வாசக தீக்கை, நினைவால் அருளும் மானத தீக்கை எனப் பல வகை கூறி, மீன் பார்வையாலும் பறவை அணைப்பாலும் ஆமை நினைவாலும் தம் முட்டையைப் பொரிப்பதாக அவற்றுள் மூன்றற்கு உவமை சொல்வர். மாணவனின் பக்குவத்துக்கேற்ப வழி வேறுபடும் என்பதே அப்பகுப்பின் கருத்து. எந்தப் பணிக்கு எந்தப் புலன் என்று பகுத்துத் தேர வேண்டிய பொறுப்பை வாகனம் செய்வோர் கைவிட்டு, எல்லாப் பணிக்கும் ஒரே வழி என்று துணிந்ததே இன்றைய சிக்கலின் வேர்.

அப்பகுப்பு இப்போது மெல்லத் திரும்பி வருகிறது. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திர மதிப்பளிக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப், 2026 முதல் முழு மதிப்பைப் பெற வேண்டுமாயின் திருப்ப விளக்கு, அபாய விளக்கு, ஆரன், மழைத்துடைப்பான், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தொட்டறியத்தக்க தனி உறுப்புகள் வேண்டும் என்று அறிவித்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 2020இல், ஜெர்மனியின் கார்ல்ஸ்ருகே உயர்நிலை நீதிமன்றம், மழையில் துடைப்பானின் வேகத்தைத் திரையில் மாற்ற முயன்று சாலையை விட்டு விலகிய ஓட்டுநர் ஒருவருக்கு விதிக்கப்பட்ட 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாத வாகன ஓட்டுதல் தடையையும் உறுதிசெய்தது. வாகனத்தோடு பிறந்த திரையும் கையில் ஏந்திய மின்கருவியும் சட்டத்தின் முன் ஒன்றே என்பது அத்தீர்ப்பின் சாரம். ஓட்டுநர் தண்டிக்கப்பட்டதும் திரையை அங்கே வைத்தவர் தண்டிக்கப்படாததும் நியாயம்தானா என்பது வேறு வினா.

ஐரோப்பியப் பட்டியலை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளுதல் போதாது. இந்தியாவில் 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் பெரிதும் மோதல் சோதனையை மையமாகக் கொண்டது. கைக்கு விட வேண்டியவை எவை என்ற பட்டியலை இந்நாடு தன் சாலைகளைக் கொண்டே வகுத்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்கு மிகுதியாக வேலை நேரும் அதே கணத்தில் தேவைப்படுவது எதுவோ, அது கைக்கு உரியது என்பதை அளவுகோலாகக் கொள்ளலாம். ஆனி, ஆடி மாதங்களில் மழைமறைவில் கிடக்கும் அவிநாசியைக் காய்ந்த சாலையில் விட்டுப் புறப்படும் லாரி, வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்ததும் தென்மேற்குப் பருவமழைக்குள் போகிறது. துடைப்பானும் கண்ணாடியின் ஆவியை அகற்றும் காற்றும் அங்கே ஒரு சேரத் தேவைப்படும். இரவில் எதிரே வரும் வண்டிக்காக ஒளியைத் தாழ்த்தி உயர்த்தும் டிம்-பிரைட் சுவிட்ச், ஐரோப்பியப் பட்டியலில் பெயர் பெறாவிட்டாலும், நடுத்திட்டில்லாத நம் மாநிலச் சாலைகளில் ஆரனுக்கும் முன்னே வைக்கத்தக்கது. சித்திரை வெயிலில் குளிர்காற்றையும் அதில் சேர்க்க வேண்டுமா என்பதை, இவ்வழியே நாள்தோறும் கொச்சிக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களைக் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.